இலைக்கு ஒரு பூ

ஊரணிக்கோட்டையில் விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை ஒரு டிசம்பர் செடி முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷங்களில், ஊரில் ஒரு படி சோறுகூட வீணாகவில்லை, ஒரு ஆள்கூடப் பசியோடு பந்தியை விட்டு எழுந்து போகவில்லை, செடியின் சொந்தக்காரியான தெய்வக்கனி வீட்டுப் புறவாசலில் மட்டும் யாரும் ஒரு இலை போட்டு உட்காரவில்லை.

செடியை அவள் வாங்கி வைத்தது ஊருக்காக அல்ல. தெய்வக்கனி பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஊரில் எல்லோருக்கும் அவள் சத்துணவு டீச்சர். தினமும் காலை பத்தரைக்கு வகுப்பு வகுப்பாகப் போய்த் தலை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து, பருப்பு அளந்து, முட்டை நாளில் முட்டை எண்ணி, எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டுத் தட்டுக் கழுவி வைத்த பிறகு தட்டையும் ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். அவளுடைய புருஷன் கல்குவாரியில் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு, பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அந்தப் புறவாசலில் அறுபத்திரண்டு இலை போட்டார்கள். அன்றைக்கு எண்ணியதுதான். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருஷம் அந்த வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. கல்யாணம் நடக்க ஆள் இல்லை, சடங்கு சுற்ற ஆள் இல்லை, பெயர் வைக்கப் பிள்ளை இல்லை. காரணம் இல்லாத வீட்டுக்கு யாரும் சாப்பிட வருவதில்லை.

ஓய்வு பெற்ற ஆனி மாதம் அவள் ஒன்று தீர்மானித்தாள். சாவுக்கு இல்லாமல் ஒரே ஒரு நாள் அந்தப் புறவாசலில் இலை போட வேண்டும். வெயில் தாழ்ந்து, அறுப்பு இன்னும் தொடங்காமல், ஊரில் ஆட்கள் கொஞ்சம் சும்மா இருக்கும் கார்த்திகை மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை. வருகிறவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால், சுற்றிலும் பூவாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். அப்படித்தான் பெரிய ரோட்டில் இருக்கும் அந்தோணியின் செடிக்கடைக்குப் போனாள்.

"தலைக்கு வைக்கவா, சாமிக்கா, கட்டி விக்கவா?" என்றான் அந்தோணி.

"பாக்கதுக்கு."

"பாக்கதுக்குன்னு தனியா பூ கிடையாதே டீச்சர்."

"கார்த்திகை மூணாம் ஞாயிறு மத்தியானம் பன்னண்டரைக்குப் பூத்திருக்கணும். அது போதும்."

"பன்னண்டரைக்கு வர அது என்ன சங்கரன்கோவில் பஸ்ஸா டீச்சர்?" என்று சிரித்தான். ஆனால் அவள் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். செவ்வந்தியை அவள் வேண்டாம் என்றாள். ஐப்பசி மழையில் தலையில் தண்ணீர் கோத்து அழுகிவிடும். பவளமல்லி வேண்டாம், ஆட்கள் வருகிற நேரத்துக்கு அது தரையில் கிடக்கும், மிதித்துக்கொண்டுதான் வருவார்கள். செங்காந்தள் அந்த மாதத்துக்கே பிறந்த பூதான், ஆனால் கிழங்கு விஷம், சாப்பிடுகிற இடத்தில் ஆகாது. கேந்தி சாவு மாலைப் பூ, அதைத் தொடாமல் அடுத்ததுக்குப் போனாள். கடைசியில் வாடாமல்லி நாற்று பன்னிரண்டு, கோழிக்கொண்டை எட்டு என்று எண்ணி எடுத்தாள். கடை மூலையில் பாதி காய்ந்து கிடந்த ஒரு டிசம்பர் செடியை அந்தோணி சும்மா தூக்கிக் கொடுத்தான். "ஊதா. மணம் கிடையாது. ஆனா எந்த மழைக்கும் அசையாது. உங்கள மாதிரி" என்றான்.

வாடாமல்லியைச் சுவரோரமாக ஒரு சாண் இடைவெளியில் வைத்தாள். கோழிக்கொண்டையைத் துவைகல்லைச் சுற்றி வைத்தாள். டிசம்பர் செடிக்குக் கிணற்றடியில் மிஞ்சிய இடம்தான் கிடைத்தது.

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டுச் சொர்ணம் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "டீச்சர், வார புதன்கிழமை எங்க பெரியவளுக்கு நிச்சயம். டிசம்பர் பூத்தா கொஞ்சம் பறிச்சிக்கிடுதேன்" என்றாள். செடியில் அப்போது ஒரு மொட்டுகூட இல்லை. மறுநாள் விடிந்தபோது அது கொப்புக்குக் கொப்பு பூத்து நின்றது. சொர்ணம் வந்து பறித்தாள், தெய்வக்கனி பக்கத்தில் நின்று வழக்கம்போல எண்ணினாள். நூற்று நாற்பத்து மூன்று. புதன்கிழமை விருந்துக்குச் சமையல்காரர் குத்தாலம் இருநூறு பேருக்கு உலை வைத்தார். மறுநாள் காலை மிஞ்சிய சோற்றைப் பார்த்து, "நூத்தி நாப்பத்தி மூணு இலைதான் விழுந்திருக்கு, இருநூறுன்னு யாரு சொன்னா?" என்று அவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"பூவும் அவ்வளவுதான்" என்றாள் தெய்வக்கனி.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் குத்தாலம் நாற்பது வருஷமாக வராதவர்களுக்குப் பொங்கிக் கொட்டியும் வந்தவர்களுக்குப் பற்றாமல் பேச்சு வாங்கியும் நொந்துபோன மனிதர். அவர் ஆச்சரியப்படவில்லை. அடுத்த வாரம் அவர் சமைக்க வேண்டிய வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு புறவாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, செடிக்கு முன்னால் நின்று, "பதினெட்டாம் தேதி, ரைஸ்மில்காரர் வீட்டுப் புதுமனை" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் எழுபத்தொன்பது பூ. பதினெட்டாம் தேதி எழுபத்தொன்பது இலை.

ஊர் அதைப் பழகிக்கொள்ள ஒரு பட்சம்கூட ஆகவில்லை. முன்னால் பத்திரிகை அடித்து, பந்தல்காரனுக்குச் சொல்லி, சாமான் பட்டியல் போட்டவர்கள், இப்போது பத்திரிகை அடித்து, கொடுத்து முடித்து, சத்துணவு டீச்சர் வீட்டுச் செடிக்குச் சொல்லி, விடிந்ததும் எண்ணி, அதற்குப் பிறகு பந்தலும் சாமானும் என்று வரிசையை மாற்றிக்கொண்டார்கள். பூ ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓயும் என்பதால், ஆவணியில் வைக்கவேண்டிய கல்யாணங்களைக் கார்த்திகைக்குத் தள்ளினார்கள், ஜோசியரும் அதற்கேற்ற நாட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒருநாளைக்கு ஒரு வீட்டுக்குத்தான் செடி பூக்கும், சாயங்காலத்தில் உதிர்ந்துவிடும் என்பதால் தகரக் கதவில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு முறை எழுதினார்கள். சிலர் கொப்பை ஒடித்துக்கொண்டுபோய்த் தங்கள் வீட்டில் நட்டார்கள். அவை எல்லாம் தழைத்தன, பூத்தன, எந்த எண்ணிக்கையும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட நினைத்த ஒரு கட்சிக்காரர், பதினொரு பூவைப் பார்த்து வெகுநேரம் நின்றுவிட்டு, வெளியே சொல்லவேண்டாம் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, பதினொரு பொட்டலம் மட்டும் கட்டச் சொன்னார். ஒரு வீட்டில் யார் யார் வருவார்கள் என்று விரல் விட்டுக் கூட்டி இருநூற்றுப் பத்து என்று வைத்திருந்தார்கள், செடி இருநூற்றுப் பதினொன்று பூத்தது. அந்த ஒன்று யார் என்று குடும்பமே இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வந்து பந்தியின் கடைசியில் உட்கார்ந்தான். "எத்தனைன்னு சொல்லுது, யாருன்னு சொல்ல மாட்டேங்குதே" என்பதுதான் ஊருக்குச் செடியின் மேலிருந்த ஒரே குறை.

எல்லோரும் புறவாசல் வழியாகத்தான் வந்தார்கள். வந்து, தாங்களாக ஒருமுறை எண்ணுவார்கள், ஆளுக்கு ஒரு எண்ணிக்கை வரும், பிறகு டீச்சரைக் கூப்பிடுவார்கள். அவள் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், பிறகு கொப்புக் கொப்பாக என்று மூன்று தடவை எண்ணி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையில் கொடுப்பாள். "தண்ணி குடிக்கீயளா?" என்று கேட்பாள். "இருக்கட்டும் டீச்சர், பலசரக்குக்கடை தொறந்திருப்பான்" என்று ஓடுவார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷ வீட்டுக்காரர் முன்வாசலில் வந்து நின்று, வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, வாயால் கூப்பிட வேண்டும். பத்திரிகை வந்தாலும், ஆள் சொல்லி விட்டாலும், தெருவில் பார்த்துச் சொன்னாலும் அது அழைப்பு ஆகாது; கௌரவம் உள்ளவர்கள் போகமாட்டார்கள். தெய்வக்கனியின் புறவாசலில் நின்று தேதியைச் செடிக்குச் சொன்ன நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும், டீச்சருக்குத்தான் அவுக வீட்டிலேயே வந்து சொன்னோமே என்று நினைத்தார்கள். நாற்பத்தொரு தடவையும் தெய்வக்கனி முன்வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, பாயை விரித்துவைத்துவிட்டு நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை என்பதால் அவள் எங்கும் போகவில்லை. "டீச்சருக்குக் கொஞ்சம் ராங்கிதான்" என்று ஊரில் சொன்னார்கள். நாற்பத்தொரு விருந்திலும் பூவும் இலையும் ஒன்றுக்கு ஒன்று சரியாக வந்தன. அவள் வரமாட்டாள் என்பது செடிக்கு ஒவ்வொரு தடவையும் தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு எண்ணிக் கொடுத்தபோதெல்லாம் அவளும் அதைத்தான் தெரிந்துகொண்டாள்.

முதல் வருஷம் கார்த்திகை மூன்றாம் ஞாயிறு, சிலேட்டில் இரண்டு கல்யாணங்கள் காத்திருந்தன. புறவாசலில் கால் வைக்க இடம் இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த வருஷம் வந்தது. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் அவள் கேட்டபடியே கார்த்திகையில் நின்றன. மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம், சிலேட்டில் அவள் கையாலேயே தன் பெயரை எழுதி, எல்லோரும் போன பிறகு செடிக்கு முன்னால் நின்றாள். இரண்டு வருஷமாக அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள், அதனிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை" என்றாள். பிறகு, "இந்த வீட்டுல" என்றாள்.

விடிந்தபோது ஒரு பூ பூத்திருந்தது.

அவள் மேலிருந்து கீழ் பார்த்தாள், கீழிருந்து மேல் பார்த்தாள், கொப்புக் கொப்பாகப் பார்த்தாள். நாற்பத்தொரு விருந்தின் எண்ணிக்கையிலும் வீட்டுக்காரர்கள் சேர்த்தி என்பது அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை பெண்ணிலிருந்து குத்தாலத்தின் கைஆள் வரைக்கும், இலையில் உட்கார்ந்த எல்லோரும் அதில் உண்டு. அப்படியானால் அந்த ஒன்று யார் என்று அவள் யாரையும் கேட்கவேண்டியதில்லை. காலண்டர் தாளைக் கிழித்து 'ஒன்று' என்று எழுதினாள். கொடுக்க ஆள் இல்லாததால் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

சுவருக்கு மேல் சொர்ணத்தின் தலை வந்தது, பார்த்தது, இறங்கியது. பால்காரர் தெருவைத் தாண்டுவதற்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. பத்து மணிக்குக் குத்தாலம் வந்தார்.

"என்ன டீச்சர், ஒத்தைப் பூவாமே?"

"ஆமா அண்ணாச்சி."

"யாரையெல்லாம் கூப்பிட்டிய?"

"இன்னும் யாரையும் கூப்பிடலை. எத்தனை பேருன்னு தெரிஞ்சாத்தானே அத்தனை வீட்டுக்குப் போய்ச் சொல்லமுடியும்? அதான் செடியைக் கேட்டேன்."

குத்தாலம் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். "அட என்ன டீச்சர் நீங்க. ஊருக்கெல்லாம் எண்ணிக் குடுத்தீய, இது தெரியலையே. எல்லாரும் கூப்பிட்டு முடிச்சிட்டுல்லா செடிகிட்ட வந்தான். கூப்பிடாத வீட்டுக்கு அது என்னத்தைப் பூக்கும், பாவம்?"

தெய்வக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். பிழை அவளுடையது. அறுபது வருஷத்தில் கூட்டலில் விட்ட முதல் பிழை.

"இன்னும் மூணு நாள் இருக்கு" என்றார் குத்தாலம். "போய்ச் சொல்லுங்க. எனக்கு மட்டும் சொல்லவேண்டாம், ஞாயித்துக்கிழமை எனக்குத் திருவேங்கடத்துல சமையல்."

விதவை குங்குமம் கொடுக்க முடியாது என்று அவள் கல்கண்டு வாங்கினாள். இருபத்து நான்கு பொட்டலம் மடித்தாள். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தெரு தெருவாக, முன்வாசல் முன்வாசலாக, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கல்கண்டை எடுத்துக்கொண்டார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "சும்மா ஒரு சாப்பாடு" என்றாள். "சும்மாவா?" என்றார்கள். பிறகு உள்ளே பார்த்தார்கள், பிறகு தெருவைப் பார்த்தார்கள், "வரப் பாக்கோம் டீச்சர்" என்றார்கள். அந்த ஊரில் வருகிறவன் வாரேன் என்பான். வரப் பார்க்கிறேன் என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும். ஒற்றைப் பூதான் பூத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அந்த ஒன்று தான் இல்லை என்று ஒவ்வொருவரும் அடக்கமாக நினைத்துக்கொண்டார்கள்.

சொர்ணம் மட்டும் மனசில் இருந்ததைச் சொன்னாள். "எனக்கு வரணும்னுதான் டீச்சர் இருக்கு. ஆனா நான் வந்து உக்காந்தா ரெண்டாயிரும்லா? செடி பொய்யாப் போயிரும். சின்னவ கல்யாணத்துக்கு அந்தச் செடியைத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்குப் பூத்தாலும் சாயங்காலம் உதிர்ந்துருது, உங்களுக்குப் பூத்தது மூணு நாளாச்சு, உதிர மாட்டேங்குது. செலேட்டுல நாலு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காவ. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுருங்க" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்து மூன்று பொட்டலம் தீர்ந்தது. ஒன்று மிஞ்சியது. அது யாருக்கு என்பது மடிக்கும்போதே அவளுக்குத் தெரியும். அந்த வீட்டைத்தான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

செங்கல் சூளைக்குப் பக்கத்தில் முப்பிடாதியின் வீடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருபத்தொரு வருஷம் தெய்வக்கனியோடு அடுப்படியில் நின்று சமைத்தவள் முப்பிடாதி, இரண்டு வயது மூத்தவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு முட்டை நாளில், நூற்றுப் பதினெட்டு முட்டைக்கு நூற்றுப் பதினைந்துதான் இருந்தது. தெய்வக்கனி எதையும் எழுதுகிற மாதிரியே பதிவேட்டில் 'மூன்று குறைவு' என்று எழுதினாள். அதிகாரி வந்தார். முப்பிடாதியை இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊருக்கு மாற்றினார்கள். நான்கு வருஷம் போய்வந்தாள், பிறகு முடியாமல் நின்றுவிட்டுச் சூளையில் கல் சுமந்தாள். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"யாரு?" என்றது உள்ளிருந்து.

"நான்தான். கனி."

"கனின்னு எனக்கு யாரையும் தெரியாது. சத்துணவு டீச்சர்னு ஒருத்தரைத் தெரியும்."

"அதுதான் அக்கா."

முப்பிடாதி வெளியே வந்தாள். "அக்காவா? என்னைக்குல இருந்து?"

தெய்வக்கனி தட்டை நீட்டினாள். "நாளைக்கு எங்க வீட்டுப் புறவாசல்ல சாப்பாடு. நீங்க வரணும்."

"என்ன விசேஷம்?"

இருபத்து மூன்று வாசலில் சொன்னது நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல வரவில்லை. "சாவு இல்லாம ஒருநாள் இலை போடணும்னு இருக்கு."

முப்பிடாதி தட்டைப் பார்த்தாள். "முட்டை உண்டா?"

"உண்டு."

"எத்தனை?"

"இனிமேத்தான் வாங்கணும்." தெய்வக்கனி தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "எண்ணாம வாங்குதேன்."

முப்பிடாதி மூக்கால் ஒரு சத்தம் விட்டாள், சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை. "கல்கண்டை அந்தத் திட்டுல வச்சிட்டுப் போங்க டீச்சர். எனக்குக் கையெல்லாம் மண்ணு" என்றாள். வாரேன் என்றும் சொல்லவில்லை, வரப் பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை.

போகிற வழியில் தெய்வக்கனி முட்டைக் கடையில் பையைக் கொடுத்து, "நிறையிற அளவுக்குப் போடுங்க" என்றாள். கடைக்காரன் பழக்கத்தில் ஒண்ணு ரெண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கியபோது, காதைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்தது, பத்து மணிக்கு விட்டது. இருபத்து நான்கு பேருக்குப் பொங்கினாள், தன்னைச் சேர்க்கவில்லை. சாம்பார், அவியல், வாழைக்காய் வறுவல், ரசம், பாயசம், அவித்து உரித்த முட்டை ஒரு குண்டான். பாய்களை உதறி விரித்தாள், இருபத்து நான்கு இலையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சுவரோரம் வாடாமல்லி வரிசை பிசகாமல் நின்றது, துவைகல்லைச் சுற்றிக் கோழிக்கொண்டை மழைத்தண்ணீரோடு சிவந்து நின்றது. அவள் கேட்ட மாதம், அவள் கேட்ட கிழமை, பன்னிரண்டரை. கிணற்றடியில் ஒரு பூ.

ஒரு மணி ஆனது. தகரக் கதவை ஒருவர் திறந்தார். சிலேட்டைப் பார்த்துவிட்டு, அவள் பெயரை இன்னும் அழிக்கவில்லை என்று தெரிந்து சாத்திவிட்டுப் போனார். சொர்ணத்தின் வீட்டிலிருந்து குழம்பு தாளிக்கும் வாசனை வந்தது. ஒன்றரை ஆனது. தெய்வக்கனி இலைகளை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். பதினேழு அடுக்கியபோது முன்வாசலில் கதவுச் சங்கிலியை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. முன்வாசல். சங்கிலியைத் தட்டி ஒருவர் வந்து அவளுக்கு வெகுகாலம் ஆகிவிட்டதால், அது சொர்ணம் வீட்டுக் கதவு என்றுதான் முதலில் நினைத்தாள்.

முப்பிடாதி பெட்டியிலிருந்து எடுத்த சேலை கட்டியிருந்தாள், மடிப்புக் கலையவில்லை. வீட்டுக்குள்ளே நடந்து புறவாசலுக்கு வந்து, பாய்களைப் பார்த்தாள், பூக்களைப் பார்த்தாள். "எங்க, ஊரையே காணோம்?"

"ஒண்ணுதான் பூத்துருக்கு."

"அது நானா, நீங்களா?"

"நான்தான்னு நினைச்சேன்."

"நினைப்பிய" என்று சொல்லிவிட்டு முப்பிடாதி நடுப்பாயில் உட்கார்ந்தாள்.

தெய்வக்கனி இலையைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக வைத்தாள். முட்டை வந்தபோது கரண்டியைப் போடாமல் குண்டானையே நீட்டினாள். "நீங்களே எடுங்க அக்கா."

முப்பிடாதி எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, "அன்னைக்கு அந்த மூணையும் நான்தான் எடுத்தேன். உங்க எண்ணிக்கை சரிதான்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதினியளோ?"

"குறைஞ்சதுன்னுதான் எழுதினேன். யாருன்னு எழுதலை."

"அடுப்படியில நின்னது ரெண்டு பேரு. யாருன்னு வேற தனியா எழுதணுமாக்கும்."

தெய்வக்கனி குண்டானைக் கீழே வைத்தாள். "மூணை நான் பாக்காம விட்டுருக்கலாம்" என்றாள்.

முப்பிடாதி முதல் முட்டையைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். "உப்புக் கம்மி" என்றாள்.

அன்றைக்கு நடந்ததில் ஊருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சாயங்காலம் சொர்ணம் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தபோது, குப்பைக்குழியில் இரண்டு எச்சில் இலை கிடந்தது. ஒன்று இல்லை, இரண்டு. அவள் மூன்று தடவை எண்ணினாளாம். ஒரு பூவுக்கு இரண்டு இலை விழுந்தால், ஐந்நூறு பூவுக்கு எத்தனை விழும் என்று யாரால் சொல்ல முடியும்? நம்பிக்கை போய்விட்டது. குத்தாலம் பழையபடி, கேட்டதற்கு மேல் ஐம்பது கூட்டி உலை வைத்தார். கல்யாணங்கள் ஆவணிக்குத் திரும்பின. ஜோசியர் அதற்கும் நாள் கொடுத்தார். தகரக் கதவில் சிலேட்டு மழையில் வெளுத்துத் தொங்கியது. புறவாசல் வழியாக அதன் பிறகு யாரும் வரவில்லை. முன்வாசல் வழியாக வந்ததும் ஒருத்திதான், அதுவும் சூளை இல்லாத நாட்களில். செடி அடுத்த ஐப்பசியிலிருந்து மற்ற டிசம்பர் செடிகள் பூப்பது போலவே பூத்தது, எத்தனை என்று தெரியாது.

ஆனால் அந்த மத்தியானம், இலையில் பாயசம் ஊற்றிய பிறகு, முப்பிடாதி தலையை நிமிர்த்தி, "நீங்க உக்காரலியா?" என்று கேட்டாள்.

"பிறகு சாப்பிட்டுக்கிடுதேன்."

"பிள்ளைகள் சாப்பிட்டு, தட்டுக் கழுவி, தட்டை எண்ணினதுக்குப் பிறகா?"

"இல்லக்கா. நான் உக்காந்தா ரெண்டாயிரும். அது இதுவரைக்கும் ஒருதடவைகூடத் தப்பாச் சொன்னதில்லை."

முப்பிடாதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்தாள். சாப்பிட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடியே கிணற்றடிக்குப் போய், இடது கையால் அந்த ஒற்றைப் பூவைக் காம்போடு கிள்ளினாள். திரும்பி வந்து, தெய்வக்கனி என்ன ஏது என்று விலகுவதற்குள், முப்பத்து நான்கு வருஷம் பூ ஏறாத அந்தக் கொண்டையில் அதைச் செருகினாள்.

"இப்போ செடியில ஒண்ணுமில்ல" என்றாள். "உக்காரு."

டீச்சர் என்று சொல்லவில்லை. உட்காருங்க என்றும் சொல்லவில்லை. கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கையைக் கழுவிவிட்டு, அடுக்கி வைத்த பதினேழு இலையில் மேலே இருந்ததை எடுத்துத் தன் இலைக்கு எதிரே போட்டாள், சோற்றுப் பானையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள், இருபத்தொரு வருஷம் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கையால் அள்ளி வைத்தாள்.

"போதும்க்கா."

"போதும்கிறதை நான் சொல்லுதேன். நீ தின்னு."

தெய்வக்கனி உட்கார்ந்தாள். சுவருக்கு மேல் யாராவது பார்க்கிறார்களா என்று அவள் திரும்பவில்லை. சோற்றில் கை வைப்பதற்கு முன் ஒரே ஒருமுறை இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

இருந்தது.